சூழ்நிலைக் கைதி யார்?

தமிழில் ஒரு வசதியான சொல் இருக்கிறது: சூழ்நிலைக் கைதி. தடியடி நடத்திய அதிகாரி, விசாரணை என்று வந்ததும் 'நான் சூழ்நிலைக் கைதிங்க' என்பார். பதவிக்காக வாயை மூடிக்கொண்ட தலைவரும் அதையேதான் சொல்வார். கம்பிக்கு வெளியே சாவியோடு நிற்கிறவர்கள்தான் தங்களைக் கைதி என்று சொல்லிக்கொள்கிறார்கள். நிஜமாகவே உள்ளே கிடக்கிறவனுக்கு இந்தச் சொல்லை யாரும் தருவதில்லை. அவனைப் பற்றிக் கேட்டால் வேறு பதில் வருகிறது: 'அவனுங்களுக்கு அதெல்லாம் பழகிப்போச்சுங்க.'

ஒரே சூழ்நிலை ஒருத்தனுக்கு மன்னிப்பாகவும் இன்னொருத்தனுக்குக் குற்றச்சாட்டாகவும் எப்படி ஆகிறது? சமூக உளவியல் இந்தக் கேள்வியைச் சுற்றி அறுபது வருஷத்துக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கருத்துக்களை ஒரு சிறைப் படத்தை வைத்துப் பேசலாம். ஃபிராங்க் டாராபான்ட் இயக்கி 1994இல் வந்த 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்'. ஸ்டீபன் கிங் 1982இல் வெளியிட்ட குறுநாவலிலிருந்து எடுத்தது. மனைவியையும் அவளுடைய காதலனையும் கொன்றதாகத் தண்டனை பெற்ற ஆண்டி என்கிற வங்கி அதிகாரி 1947இல் ஷாஷாங்க் சிறைக்கு வருகிறான். ஏற்கனவே இருபது வருஷமாக அங்கே இருக்கிற ரெட் கதையைச் சொல்கிறான். நண்பர்கள் பலரும் இதை 'நம்பிக்கையின் படம்' என்று கொண்டாடுவார்கள். எனக்கு இது பழக்கத்தின் படம்.

முதல் ராத்திரியிலிருந்து தொடங்கலாம். புதிய கைதிகளை நிர்வாணமாக்கித் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். பூச்சி மருந்துத் தூளைத் தூவுகிறார்கள். கையில் துணி மூட்டையும் பைபிளும் கொடுத்து அம்மணமாகவே அறைக்கு நடத்துகிறார்கள். எர்விங் காஃப்மன் என்கிற சமூகவியலாளர் 1961இல் மனநோய் விடுதிகளைப் பற்றி எழுதிய நூலில் இதை விளக்கினார். சிறை, பைத்தியக்கார ஆஸ்பத்திரி, ராணுவ முகாம் மாதிரி ஒரு மனுசனின் தூக்கம், வேலை, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே அதிகாரத்தின் கீழ் அடைக்கிற அமைப்புகளை முழுமை நிறுவனங்கள் என்றார். அங்கே முதல் வேலையே, வந்தவன் வெளியில் யாராக இருந்தானோ அதை உரித்தெடுப்பதுதான். உடுப்பு போகும், முடி போகும், பேர் போய் நம்பர் வரும். இது நிர்வாக வசதிக்காக நடப்பது போலத் தெரியும். நடப்பது என்னவோ அவமானப்படுத்தல்.

அன்றைக்கு ராத்திரி பழைய கைதிகள் சிகரெட்டை வைத்துப் பந்தயம் கட்டுகிறார்கள்: புதுசா வந்தவன்கள்ல எவன் முதல்ல அழுவான்? ஹேவுட் என்கிறவன் ஒரு குண்டு மனிதன் மேல் பந்தயம் வைத்து, இருட்டில் அவனைச் சீண்டிச் சீண்டி அழவைக்கிறான். அழுதவனைக் காவலர் தலைவன் ஹேட்லி வெளியே இழுத்துப் போட்டு அடிக்கிறான். டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். விடிவதற்குள் ஆள் செத்துப்போகிறான். காலையில் சாப்பாட்டு மேசையில் ஆண்டி ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: அவன் பேர் என்ன? ஹேவுட்டுக்குக் கோபம் வருகிறது. செத்தவனுக்குப் பேர் எதுக்கு என்கிறான். அங்கே யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. ஒரு ராத்திரியே கழிந்திருந்த புதியவன்தான் கேட்கிறான். அவனுக்கு இன்னும் பழகவில்லை.

அடித்தவன் ஹேட்லி. சீண்டியவன் ஹேவுட். இரண்டு பேருக்கும் பழகிப்போயிருக்கிறது. ஆனால் இரண்டு பழக்கமும் ஒன்றா?

ஹேட்லிக்கு வக்காலத்து வாங்க உளவியல் தயாராக இருந்தது. ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனை பலருக்கும் தெரியும். பக்கத்து அறையில் இருக்கிறவன் தப்பாகப் பதில் சொன்னால் மின் அதிர்ச்சி கொடு என்கிறார்கள். அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு. பொத்தானை அழுத்துகிறவனுக்கு அது தெரியாது. அடிப்படைச் சோதனை ஒன்றில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரைக்கும் போனார்கள். பத்து வருஷம் கழித்து, 1971 ஆகஸ்டில், பிலிப் ஜிம்பார்டோ ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நிலவறையில் பொய்ச் சிறை ஒன்றை அமைத்தார். நாளுக்கு 15 டாலர் கூலி. மாணவர்களில் பாதிப் பேர் காவலர், பாதிப் பேர் கைதி. இரண்டு வாரம் நடக்க வேண்டியதை ஆறே நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. கிறிஸ்டினா மாஸ்லாக் என்கிற இளம் பெண் ஆய்வாளர் அங்கே நடந்ததைப் பார்த்துவிட்டு, இந்தப் பையன்களுக்கு நீங்கள் செய்வது கொடுமை என்று சண்டை போட்டார்.

'நல்லவனை உடுப்பு கெட்டவனாக்கும்' என்கிற பாடமாக இது உலகம் முழுக்கப் போனது. உடுப்பு போட்டவர்களுக்கு ரொம்பப் பிடித்த பாடம். குற்றம் உடுப்போடு போய்விடுகிறது அல்லவா?

ஆனால் பிறகு வந்த விவரம் வேறு. திபோ லெ டெக்ஸியே என்கிற பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்டான்ஃபோர்ட் ஆவணங்களையும் ஒலிநாடாக்களையும் தோண்டி 2018இல் ஒரு நூல் எழுதினார். காவலர்கள் தாங்களாகவே கொடூரமாக மாறிவிடவில்லை. கடுமையாக நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது. தயங்கிய ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு வற்புறுத்தியதும் பதிவாகியிருக்கிறது. அலெக்ஸ் ஹாஸ்லமும் ஸ்டீபன் ரீச்சரும் 2001இல் பிபிசிக்காக இதே மாதிரி இன்னொரு சோதனை நடத்தினார்கள். அங்கே காவலர்களாக இருந்தவர்களால் அந்த வேடத்தோடு ஒட்டவே முடியவில்லை. கைதிகள்தான் ஒன்றாகச் சேர்ந்தார்கள். உடுப்பு மாட்டினால் போதும், கொடுமை தானாக வந்துவிடும் என்பது கதை. கொடுமைக்குப் பின்னால் சொல்லிக்கொடுத்தவன் ஒருத்தன் இருக்கிறான். அதைத் தன் நியாயமாக எடுத்துக்கொண்டவன் ஒருத்தன் இருக்கிறான்.

ஷாஷாங்கில் சொல்லிக்கொடுக்கிறவன் வார்டன் நார்ட்டன். பைபிள் வசனம் பேசுவான். சீர்திருத்தம் என்ற பேரில் கைதிகளை வெளி வேலைக்கு அனுப்பி, காண்ட்ராக்டர்களிடம் லஞ்சம் வாங்குவான். அவனுக்கும் ஹேட்லிக்கும் ராத்திரியானால் வீடு இருக்கிறது. ராஜினாமாக் கடிதம் எழுத ஒரு காகிதம் இருக்கிறது. ஹேவுட்டுக்கு இருப்பது நாலு சிகரெட். ஹேவுட் செய்ததும் தப்புதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் விலகிப்போகக் கதவு உள்ளவனின் பழக்கத்தையும் கதவே இல்லாதவனின் பழக்கத்தையும் ஒரே தராசில் போடுகிற நீதி, நீதி இல்லை.

அடுத்து ப்ரூக்ஸ். 1905இல் உள்ளே வந்த கிழவர். சிறை நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஐம்பது வருஷம் கழித்து விடுதலை என்கிறார்கள். அவர் அதே ஹேவுட்டின் கழுத்தில் கத்தியை வைக்கிறார். இன்னொரு குற்றம் செய்தாலாவது உள்ளேயே வைத்திருப்பார்கள் என்று. ஆளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்கிறான் ஹேவுட். ரெட் மறுக்கிறான். இந்தச் சுவர்களை முதலில் வெறுப்போம், பிறகு பழகுவோம், நாளாக நாளாக அது இல்லாமல் இருக்க முடியாது என்பது அவன் விளக்கம். வெளியே போன ப்ரூக்ஸ் ஒரு கடையில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கிற வேலை பார்க்கிறார். கடைசியில் அறையின் உத்தரத்தில் தன் பேரைச் செதுக்கிவிட்டுத் தூக்குப் போட்டுக்கொள்கிறார்.

இந்த இடத்தில்தான் நமக்குப் பழக்கமான அந்தக் குரல் கேட்கும்: 'பாத்தீங்களா, தொறந்துவிட்டாலும் போக மாட்டேங்கிறான். அவனே விரும்பித்தான் இருந்திருக்கான்.' சேரியைப் பற்றி இதைச் சொல்லியிருக்கிறார்கள். சாக்கடைக்குள் இறங்குகிறவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நம் படிப்பு வட்டங்களில்கூடச் சில தோழர்கள் 'நம்ம சனங்களுக்கே சொரணை இல்லையே' என்று சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பழகிப்போனதைச் சம்மதம் என்று படிக்கிற பார்வை அது. ப்ரூக்ஸ் சிறையை விரும்பவில்லை. வெளியே அவருக்கு ஒரு மனுசனாக இருக்க இடமில்லை. உள்ளே அவர் நூலகர், வெளியே பை நிரப்புகிறவர். ஐம்பது வருஷத்தைத் தின்றுவிட்டு வெறுங்கையோடு கதவைத் திறந்துவிடுவதை விடுதலை என்றால், அந்தத் தற்கொலையில் திறந்துவிட்டவர்களுக்கும் பங்கு உண்டு.

இதற்கும் உளவியலில் ஒரு பேர் இருந்தது: கற்றுக்கொண்ட இயலாமை. மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967இல் நாய்களை வைத்துச் சோதித்தார்கள். தான் என்ன செய்தாலும் நிற்காத மின் அதிர்ச்சியை வாங்கிய நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் பெரும்பாலும் அப்படியே படுத்துக்கிடந்தன. அடிபட்டு அடிபட்டு இயலாமையைக் கற்றுக்கொண்டன என்று முடிவு சொன்னார்கள். ஐம்பது வருஷம் கழித்து 2016இல் அதே இரண்டு பேரும் தங்கள் முடிவைத் திருப்பிப் போட்டார்கள். மூளையை ஆராய்ந்ததில் தெரிந்தது: நீண்ட வதையின் முன்னால் முடங்கிப்போவது உயிரின் இயல்பான பதில், அது கற்றுக்கொண்டது இல்லை. கற்றுக்கொள்ள வேண்டியது, நாம் செய்வதால் ஏதோ மாறும் என்பதைத்தான்.

இது சின்ன விசயம் இல்லை. படுத்துக்கிடக்கிறவனைப் பார்த்து 'ஏன் இப்படி ஆனே?' என்று கேட்பதில் அர்த்தமில்லை. 'நீ செய்து மாறியது எது? அதற்கு வாய்ப்பு எப்போது கிடைத்தது?' என்றுதான் கேட்க வேண்டும். 1927இல் மகத் குளத்தில் அம்பேத்கரோடு இறங்கித் தண்ணீர் குடித்தவர்கள் தாகத்துக்காக மட்டும் குடிக்கவில்லை. நம் கை பட்டால் ஒன்று மாறும் என்பதை அந்த ஒரு கை நீரில் தெரிந்துகொண்டார்கள். ஆண்டி செய்வதும் இந்த வகைதான். ஹேட்லியின் வரிக் கணக்கைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, கூரைக்குத் தார் பூசுகிற சக கைதிகளுக்குப் பீர் கேட்டு வாங்குகிறான். நூலகத்துக்குப் பணம் கேட்டு வாரம் ஒரு கடிதம் எழுதுகிறான். ஆறு வருஷம் கழித்து 200 டாலரும் பழைய புத்தகங்களும் வருகின்றன. இனி வாரம் இரண்டு கடிதம் என்கிறான்.

ஆனால் ஆண்டியைக் காட்டி ப்ரூக்ஸைக் குறை சொல்லக் கூடாது. ஆண்டி வங்கிக்காரன், வெள்ளையன், படித்தவன். அதிகாரத்துக்குத் தேவையான கணக்கு அவனிடம் இருந்தது. அதனால் பேரம் பேச முடிந்தது. கறுப்பரான மார்கன் ஃப்ரீமன் ரெட்டாக நடித்திருந்தும், படம் நிறத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் பேசுவதில்லை. கறுப்பரையும் வெள்ளையரையும் தனித்தனியாக அடைத்துவைத்த அலபாமா சிறைகளின் முறை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1968இல்தான். படத்தின் கதை முடிந்த பிறகு. நம் நாட்டிலோ, சமையல் ஒரு சாதிக்கு, கக்கூஸ் கழுவுவது இன்னொரு சாதிக்கு என்று பிரித்த சிறை விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 அக்டோபர் வரை ஆயிற்று. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு அது. கைதிப் பதிவேட்டில் சாதிக்கு இருந்த கட்டத்தையே நீக்கச் சொன்னது தீர்ப்பு. காஃப்மன் சொன்னபடி சிறை எல்லாவற்றையும் உரித்தெடுக்கும். இங்கே சாதியை மட்டும் உரிக்காமல் விளக்குமாற்றோடு சேர்த்துக் கையில் கொடுத்தது.

பொறுப்பு பற்றிய கேள்விக்குப் படத்தில் பதில் சொல்கிறவன் ரெட். ஷாஷாங்கில் எல்லாக் கைதியும் தான் நிரபராதி என்பான். ரெட் மட்டும் நான் குற்றவாளிதான் என்பான். விடுதலைக் குழுவின் முன்னால் இருபதாவது வருஷமும் முப்பதாவது வருஷமும் அவர்கள் கேட்க விரும்பியதைச் சொல்லித் தோற்கிறான். நாற்பதாவது வருஷம், திருந்தினேன் என்கிற வார்த்தையே வெத்து வார்த்தை என்கிறான். வருத்தப்படாத நாளே இல்லை, அந்த முட்டாள் பையனிடம் பேச ஆசைப்படுகிறேன், ஆனால் அவன் இப்போது இல்லை என்கிறான். வெளியே வந்த பிறகும் கடையில் ஒண்ணுக்குப் போக முதலாளியிடம் அனுமதி கேட்கிறான். அனுமதி இல்லாமல் ஒரு சொட்டு வராது என்கிற அளவுக்குப் பழகிப்போன உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் தன் குற்றத்துக்குத் தானே பொறுப்பேற்கிறான். நார்ட்டனோ பிடிக்க வரும்போது தன்னையே சுட்டுக்கொண்டு, பதில் சொல்லாமல் போய்விடுகிறான்.

ஆகவே சூழ்நிலை என்கிற வாதத்தை நாம் தூக்கி எறிய வேண்டாம். அதை உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டும். ஒருவன் கையில் எவ்வளவு கதவு இருந்ததோ அவ்வளவு அவன் பொறுப்பு.

மில்கிராம் சோதனையில் அதிகம் பேசப்படாத ஒரு கணக்கு உண்டு. பொத்தானை அழுத்துகிறவன் பக்கத்தில் இன்னும் இரண்டு பேரை உட்காரவைத்து, நடுவில் அவர்கள் 'முடியாது' என்று எழுந்துவிடும்படி ஏற்பாடு செய்தபோது, கடைசிவரை போனவர்கள் 40 பேரில் 4 பேர்தான். 26 பேர் 4 பேர் ஆனதற்கு அறிவுரை காரணமில்லை. பக்கத்தில் இரண்டு பேர் எழுந்தார்கள், அவ்வளவுதான். சனங்களுக்குச் சொரணை இல்லை என்று சலித்துக்கொள்கிற தோழர்கள், அந்தப் பக்கத்து நாற்காலியில் நாம் இருந்தோமா என்று முதலில் பார்க்கட்டும்.