பயணி தொழுகையைச் சுருக்குகிறான், விட்டுவிடுவதில்லை

அல்ஹம்து லில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இன்று உடலைப் பற்றிப் பேசப் போகிறேன். ஜும்ஆவில் இது என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். நம் பள்ளியின் ஸஃப்புகளைக் கவனித்துப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் ஓரத்தில் இரண்டு நாற்காலிகள்தான் கிடந்தன. இப்போது ஒரு வரிசையே நாற்காலி. அதில் உட்காருபவர்களில் என் வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். நோயால் உட்காருபவர்களுக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நெற்றி தரையில் படும் ஸுஜூதை நாம் கவனிக்காமலேயே இழந்துகொண்டிருக்கிறோமா என்ற கவலை எனக்கு உண்டு.

என் கதையையே சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. தினமும் நடக்கச் சொன்னார் மருத்துவர். நானும் ஆர்வத்தில் ஒரு அட்டவணை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். சுப்ஹுக்குப் பின் நாற்பத்தைந்து நிமிட நடை, வாரம் ஆறு நாள். ஐந்து வாரம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பிறகு என் தாயார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பதினொரு நாள் அங்கேயே இருந்தேன். திரும்பி வந்தால் ஐப்பசி மழை. மழை விட்டதும், விட்டதையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று ஒரே நாளில் ஒன்றரை மணி நேரம் நடந்தேன். முழங்கால் வீங்கிவிட்டது. அதோடு அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் வெட்கம். சுப்ஹு முடிந்ததும் நடைக்குக் கிளம்பும் பெரியவர்கள் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் அவர்களில் ஒருவர் பிடித்துவிட்டார். “என்ன ஹஜ்ரத், ஆளையே காணோம்?” என்றார். காரணங்களை அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “முழுசா முடியலன்னா பள்ளியச் சுத்தி ரெண்டு சுத்து நடங்க. நாளைக்கும் வாங்க. அவ்வளவுதான் கணக்கு” என்றார்.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவது என்ற கருத்தில் வந்த ஹதீஸை நான் மிம்பரில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பெரியவர் அதை எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

திட்டம் உடைந்ததும் நாம் ஏன் முழுவதையும் விட்டுவிடுகிறோம்? சோம்பல் மட்டும் காரணமல்ல. எனக்கு என் உடலைவிட என் அட்டவணைதான் பிரியமாக இருந்தது. ஒரு நாளும் தவறாதவன் என்ற பெயரை என் நஃப்ஸ் ரசித்தது. அந்தப் பெயர் போனதும் நடையில் அதற்கு ருசி இல்லை. அல்லாஹ் தந்த அமானிதத்தைப் பேணுவது நோக்கமாக இருந்திருந்தால், இரண்டு சுற்று நடப்பதில் எனக்கு என்ன கேவலம்?

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். இளமையில் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உம் மீது உரிமை இருக்கிறது என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். மாதம் மூன்று நோன்பு போதும் என்றார்கள். அவரோ இன்னும் முடியும், இன்னும் முடியும் என்று கேட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோன்பில் வந்து நின்றார். முதுமை வந்தது. அன்றே அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று சொன்னார். ஆனால் விட்டாரா? உடலுக்குத் தெம்பு வேண்டும்போது சில நாட்கள் நோன்பை விடுவார். விட்ட நாட்களை எண்ணி வைத்துப் பிறகு அதே அளவு நோற்பார். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. திட்டம் பாரமாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. அதற்காக அதைக் கைவிடவும் இல்லை.

தொழுகையின் சட்டத்திலேயே இந்தப் பாடம் இருக்கிறது. மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) நபியவர்களிடம் கேட்டபோது, நின்று தொழ வேண்டும், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்று வழிகாட்டினார்கள். பயணி நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குகிறான், விட்டுவிடுவதில்லை. நோயோ தூக்கமோ மிகைத்து இரவுத் தொழுகை தவறினால், நபியவர்கள் பகலில் பன்னிரண்டு ரக்அத் தொழுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். தடை வரும் என்பதை முன்பே கணக்கில் எடுத்த மார்க்கம் இது.

உங்கள் பயிற்சிக்கும் இப்படி மூன்று படிகளை இன்றே முடிவு செய்யுங்கள். நல்ல நாளுக்கு முழு நடை. நெருக்கடியான நாளுக்கு இஷாவுக்குப் பின் பத்து நிமிடம். மழையிலும் பயணத்திலும் மருத்துவமனை வராந்தாவிலும் நாற்காலியைப் பிடித்துப் பத்து முறை உட்கார்ந்து எழுவது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒன்றுமே செய்யாததைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. குறைந்தது பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனைகூட அதன் 2020 வழிகாட்டுதலில் இல்லை. ரமலானில் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். விட்டதை ஒரே நாளில் ஈடுகட்டாதீர்கள், என் முழங்கால் அதற்குச் சாட்சி.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நோயிலும் பயணத்திலும் இருப்பவருக்கு, ஆரோக்கியத்தோடு ஊரில் இருக்கும்போது செய்துவந்த அமலின் நன்மை எழுதப்படும் என்று நபியவர்கள் நற்செய்தி சொன்னார்கள். அது வழக்கமாகச் செய்துவந்தவருக்குச் சொல்லப்பட்டது. அப்படியானால் நம்முடையது தடையா, சாக்கா? எப்படித் தெரிந்துகொள்வது? ஊர் திரும்பிய பயணி மறுபடி நான்கு ரக்அத் தொழுகிறான். மழை விட்ட பிறகும், காய்ச்சல் தணிந்த பிறகும் நீங்கள் திரும்பினீர்களா? திரும்பினால் அது தடை. திரும்பாவிட்டால் அது சாக்கு. இதை வேறு யாரும் சோதிக்க முடியாது, நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்.

அல்ஹம்து லில்லாஹ், நான் இப்போது பெரும்பாலான நாட்களில் நடக்கிறேன். சில நாள் அரை மணி நேரம், சில நாள் பள்ளியைச் சுற்றி இரண்டு சுற்று. அலமாரியில் அட்டவணை இல்லை. பின்வாசல் வழியாகவும் போவதில்லை. நடையை விட்டுவிட்டவர்கள் உங்களில் இருந்தால், நாளை சுப்ஹு ஜமாஅத்துக்கு வாருங்கள். தொழுகை முடிந்ததும் முன்வாசலில் நிற்போம்.

யா அல்லாஹ்! எங்கள் கடைசி மூச்சுவரை உனக்கு முன்னால் நின்று, குனிந்து, ஸுஜூதில் விழும் தெம்பை எங்களுக்குத் தருவாயாக! தடை வரும்போது பொறுமையையும், தடை நீங்கும்போது திரும்பும் மனதையும் தருவாயாக! நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! ஆமீன்.