கண்டவர் ஒருவர் மட்டுமே என்றால்

சந்திரனுக்குப் பூமியைப் போன்ற காற்றுப் போர்வை இல்லை. நம்மை நோக்கி வரும் சிறு விண்கற்கள் வானிலேயே எரிந்து போகின்றன. சந்திரனை நோக்கிச் செல்பவையோ வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் நேரே தரையில் மோதுகின்றன. அந்த வெம்மை ஒரு கணம் ஒளியாகத் தெறிக்கிறது. பிறைச் சந்திரனின் இருண்ட பகுதியைத் தொலைநோக்கியால் பார்ப்பவருக்கு அது புலப்படும். அந்தக் கணத்தில் கண் இமைத்தவருக்குப் புலப்படாது.

ஒருவர் மட்டுமே கண்டதும், மறுமுறை காட்ட இயலாததுமான ஒன்று அறிவு ஆகுமா?

1953 நவம்பர் 15 அன்று அமெரிக்காவின் டல்சா நகரில், வானியல் ஆர்வம் கொண்ட மருத்துவர் லியோன் ஸ்டூவர்ட் சந்திரனைப் புகைப்படம் எடுத்தார். அதில் ஒரு வெண்புள்ளி பதிந்திருந்தது. அந்த ஒளியைக் கண்ணாலும் கண்டதாக அவர் கூறினார். வேறு சாட்சி இல்லை. 2003-இல், அம்மோதலால் உண்டான பள்ளம் இதுவே என்று இரு ஆய்வாளர்கள் விண்கலப் படமொன்றைச் சுட்டினர். ஆனால், 1953-க்கு முன்பே எடுக்கப்பட்ட படத்திலும் அப்பள்ளம் இருந்தது தெரியவந்தது. இதனால் தள்ளுபடியானது பள்ளம் பற்றிய கருத்துதான். அவர் கண்டது அன்று. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

1999 நவம்பரில், லியோனிட் விண்கல் பொழிவின்போது, டெக்ஸாஸில் பிரையன் கட்னிக் தொலைநோக்கி வழியே இத்தகைய ஒளியொன்றைக் கண்டார். வெகு தொலைவில், மேரிலாந்தில் டேவிட் டன்ஹாம் எடுத்த வீடியோவிலும் அதே நேரத்தில் அதே ஒளி பதிவாகியிருந்தது. ஒருவரது காட்சி பொது அறிவாயிற்று.

குறை புலப்படும்வரை அறிவு தன்னளவிலேயே பிரமாணம் என்பர் மீமாம்சகர். வேதாந்திகளும் இதை ஏற்பர். பிரமாணத் தன்மை வெளியிலிருந்து சோதித்தே உறுதியாகும் என்பர் நையாயிகர். சந்திர ஒளியைப் பொறுத்தவரை நாம் நையாயிகர் பக்கமே நிற்க வேண்டும். நாசாவின் மார்ஷல் மையம் 2005-06-இல் தொடங்கிய கண்காணிப்பில் இரு தொலைநோக்கிகளை ஒரே நேரத்தில் இயக்கினர். காரணம், காஸ்மிக் கதிர் காமிராவின் உணர்பகுதியைத் தாக்கினாலும் ஒளிப்புள்ளி தோன்றும். அக்கதிர் இரு காமிராக்களையும் ஒரே கணத்தில், ஒரே இடத்தில் தாக்குவது அரிது. கண்ணும் இதற்கு விலக்கன்று. 1969-இல் அப்போலோ 11 பயணத்தின்போது ஆல்ட்ரின் இருளில் ஒளிக்கீற்றுகளைக் கண்டார். காஸ்மிக் கதிர்கள் கண்ணை ஊடுருவியதே காரணம் என்று அறிவியலார் கருதினர். அவர் கண்டது உண்மை. வெளியே ஒளிதான் இல்லை.

ஆகவே, 'கண்டேன்' என்பவரிடம் 'இன்னும் உறுதியாகவில்லை' என்பது அவரைப் பொய்யர் என்பதாகாது. நம் வீடுகளில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு எத்தனை மனத்தாங்கல்கள்! சொல்பவருக்கும் கடமை உண்டு: கண்ட நேரம், இடம், ஒளியின் அளவு ஆகியவற்றை மட்டும் சொல்ல வேண்டும், ஊகத்தைக் காட்சியோடு சேர்த்துச் சொல்லலாகாது. கட்னிக்கின் கூற்று நிலைபெற்றது, நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்ததால்தான்.

சிலவேளை சந்திரனே சாட்சி சொல்கிறது. 2013 மார்ச் 17 அன்று மழைக்கடல் எனப்படும் சமவெளியில் சுமார் 40 கிலோ எடையுள்ள கல் மோதிய ஒளி பதிவாயிற்று. பின்னர், சந்திரனைச் சுற்றும் விண்கலம் எடுத்த முன்-பின் படங்களை ஒப்பிட்டபோது 18 மீட்டர் அகலத்தில் ஒரு புதிய பள்ளம் தெரிந்தது. ஸ்டூவர்ட்டின் வெண்புள்ளிக்கு அத்தகைய சாட்சி இதுவரை கிட்டவில்லை.