பூச்சுக்கு அடியில் துரு

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் கார்களைப் பழுதுபார்த்துப் பேணுவோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்தம் பட்டறைகளில் ஓர் அறநெறி வினா எழுகிறது: பழுதை நீக்குவதா, மறைப்பதா?

நீரும் காற்றும் இரும்போடு சேரத் துரு பிறக்கிறது. வண்ணப்பூச்சின் அடியிலும் அது பரவுகிறது. எனவே நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். துருவின்மேலேயே பட்டி பூசி வண்ணமடித்தாலும் வண்டி சில மாதங்களுக்குப் பளபளக்கும். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளை மாற்றாமல் கெட்டியான ஆயிலை ஊற்றினால், நீலப் புகையும் சற்றே அடங்கும்.

"வாங்குபவர் கேட்கவில்லை, நாம் பொய் சொல்லவுமில்லை" என்பர் சிலர். ஆனால் வாய் திறவாத இடத்தில் அந்தப் பூச்சே பொய் சொல்கிறது. மேலும், அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தகட்டு உடலே பாரத்தைத் தாங்குகிறது. அடித்தகடு இற்றுப்போனால், ஆபத்து அதில் பயணம் செய்யும் குடும்பத்துக்கே.

எல்லாப் பழுதையும் நீக்கும் வசதி நம்மில் பலருக்கு இல்லைதான். எனினும், எஞ்சிய துருவை வாங்குபவருக்குச் சுட்டிக்காட்டப் பணம் வேண்டியதில்லை. விலை குறையும், அக்குறைவே அத்துருவின் நேர்மையான விலை. அதை நாம் செலுத்தாவிடில், அறியாத ஒருவர் செலுத்துவார்.