நட்பும் கணக்கும்

நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு என்பது பெருந்தன்மையான பேச்சாகக் கருதப்படுகிறது. எருமப்பட்டிக் கடைவீதியில் மூடிக்கிடக்கும் பழைய கிடங்கொன்றை நண்பர்கள் இருவர் வாடகைக்கு எடுத்துக் கடையாக்குவதாகக் கொள்வோம். ஒருவர் பணம் தருகிறார். மற்றவர் காரை பெயர்ந்த சுவரைப் பூசி, வெள்ளையடித்து, அலமாரிக்குப் பலகை அறுக்கிறார். அந்த வியர்வைக்கு விலை குறிப்பது நட்பை இழிவுபடுத்துவதாகாதா?

இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து எளிய தொழிலாளர் சிலர் 28 பவுண்டு முதல் சேர்த்து, பழைய கிடங்கொன்றின் கீழ்த்தளத்தைச் சீர்செய்து, 1844 டிசம்பர் 21 அன்று கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி என்று சொற்பச் சரக்கே இருந்தது. கடன் எவருக்கும் இல்லை. முதலுக்கு அளவான வட்டி. இலாபமோ அவரவர் வாங்கிய பொருளின் அளவுக்கேற்ப. எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. பணம் அங்கே கூலி பெற்றது, ஆட்சி பெறவில்லை. 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலைக்கும் முன்மாதிரி இதுவே.

அவர்கள் ஒருவரையொருவர் நம்பாதவர்களா? கணக்கு வேண்டாம் என்பவர் பெரும்பாலும் பணம் போட்டவரே என்பதைக் கவனியுங்கள். அவர் பங்குக்கு ரசீது உண்டு. பூசியவருக்கோ சுவரே சாட்சி. ஆறு மாதத்தில் அதுவும் கண்ணுக்குப் பழகிப்போகும். கேட்க நாணி அவர் ஒதுங்குவார். ஆதலின் பூச்சு காயுமுன்னே இரண்டு பங்கையும் ஒரே ஏட்டில் எழுதிவிடுவதே நேர்மை. ஆயினும், வேலை முடியும்வரை இரவில் விளக்குப் பிடித்து நின்ற மூன்றாமவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது?