கச்சேரி முடியும்வரை



இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் என்று ஓர் ஊர். 1996இல் அங்கே 'ஹெவி லோட்' என்ற பங்க் இசைக்குழு உருவானது. காதைப் பிளக்கிற இசை; உங்களுக்குப் பிடிக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் அந்தக் குழுவில் சேர்ந்தே வாசித்தார்கள். கேட்க வந்தவர்களிலும் அந்தக் குறைபாடு உள்ளவர்கள் நிறைய.

மேடையில் நின்றவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். இரவு 9 மணி ஆனதும் கூட்டம் கலையத் தொடங்கிவிடும். கச்சேரி களைகட்டுகிற நேரமே அப்போதுதான். விசாரித்தால், கூட்டி வந்த பராமரிப்புப் பணியாளருக்கு 10 மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது, அதற்குள் இவர்களை வீடு சேர்த்தாக வேண்டும் என்று தெரிந்தது. நாற்பது வயது மனிதர் எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்பதை யாரோ போட்ட டியூட்டி அட்டவணை முடிவு செய்கிறது!

பணியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் வீடு வாசல் உண்டு. சமைத்துக்கொடுக்க, மருந்து எடுத்துக்கொடுக்க, மருத்துவரிடம் கூட்டிப்போக ஆள் வைக்கலாம். ஒரு பாட்டை ரசித்துவிட்டு அதைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வர எந்த அரசு ஆள் வைக்கும்? சம்பளம் வாங்காமல் இவர்களோடு பொழுதைக் கழிப்பவர்கள் என்று பார்த்தால், பலருக்குப் பெற்றோர் மட்டும்தான். அந்தப் பெற்றோருக்கும் வயதாகிறது.

குழுவினர் 'ஸ்டே அப் லேட்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். நேரங்கழித்துத் தூங்கலாம் வாருங்கள் என்ற அழைப்பு அது. அதிலிருந்து பிறந்தது 'கிக் பட்டீஸ்', அதாவது கச்சேரித் தோழர்கள் என்ற திட்டம். குறைபாடு உள்ள ஒருவரையும் தன்னார்வலர் ஒருவரையும் ஜோடி சேர்க்கிறார்கள். இருவரின் ரசனையும் ஒத்துப்போக வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. ராக் இசைப் பிரியருக்கு இன்னொரு ராக் ரசிகர், கால்பந்துப் பைத்தியத்துக்கு இன்னொரு கால்பந்துப் பைத்தியம். தன்னார்வலரின் பின்னணியை விசாரித்து, பயிற்சியும் கொடுத்த பிறகே அனுப்புகிறார்கள். மாதம் ஒரு முறையாவது இருவரும் சேர்ந்து வெளியே போய்வர வேண்டும். ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கும் இந்தத் திட்டம் பரவியது.

இரக்கத்தை நம்பாமல் ரசனையை நம்பியதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். இரக்கப்பட்டு வருகிறவர் நாலு நாளில் சலித்துப்போவார். தனக்கும் பிடித்த ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர் அடுத்த மாதமும் வருவார்.

உங்கள் உறவிலோ தெருவிலோ இப்படிக் குறைபாடு உள்ள ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு என்ன பிடிக்கும் என்பதை அவருடைய அம்மாவிடம் கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமானால் காத்திருங்கள். சினிமா என்றால் இரண்டு டிக்கெட் எடுங்கள், கிரிக்கெட் என்றால் மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். ஒன்று மட்டும்: வருகிறேன் என்று சொன்ன நாளில் போய் நில்லுங்கள். இரண்டு தடவை போய்விட்டு நின்றுவிடுவதாக இருந்தால், தயவுசெய்து தொடங்கவே வேண்டாம்.