பேனாக்கத்திக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் கனகம்மாசத்திரம். பஸ் வரும்வரை மர நிழலில் உட்கார்ந்து ஒரு பெரியவர் கிளிமூக்கு மாங்காயைப் பத்தை போடுகிறார். கையில் பழைய பேனாக்கத்தி. தீட்டித் தீட்டி அதன் அலகு பாதியாக இளைத்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் தங்கை மகன், ஆன்லைனில் வாங்கிய புதுக் கத்தியைப் பெருமையோடு நீட்டுகிறான்.

"இன்னா வெல?"

"ஆயிரத்து எட்நூறு, மாமா."

பெரியவர் அதை விரித்து, அலகை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கிறார். லேசாக ஆடுகிறது. "ஆணியே இறுகல. இதுக்கா இவ்ளோ?" என்று மடக்கிக் கொடுத்துவிட்டு மாங்காய்க்குத் திரும்புகிறார்.

அந்தக் கேள்வி கத்தியோடு நிற்பதில்லை. செருப்பு, குடை, கைக்கடிகாரம் என்று தினமும் கூடவே வரும் சின்னப் பொருளுக்கு எவ்வளவு கொடுத்தால் தகும்? கொடுக்கிற காசு வேலைக்குப் போகிறதா, மினுக்குக்குப் போகிறதா?

மடக்குக் கத்தி தமிழருக்குப் புதிதல்ல. ஓலையில் எழுதிய காலத்து மடக்கெழுத்தாணியைப் பற்றி உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் எழுதும் ஆணி, மறுபக்கம் ஓலையை வாரும் கத்தி. இரண்டையும் பிடிக்குள் மடக்கிவிடலாம். பிடியை மரத்திலும் செய்வார்கள், மாட்டுக் கொம்பிலும் தந்தத்திலும் செய்வார்கள். தந்தப் பிடி போட்டவருக்கு எழுத்து தானாக அழகாகியிருக்காது.

அலகுக்கான எஃகும் இங்கிருந்து போனதுண்டு. தென்னிந்திய உருக்கு ‘வூட்ஸ்’ என்ற பெயரில் ஐரோப்பாவில் மதிக்கப்பட்டது. லண்டனில் சவரக்கத்தியும் அறுவைக் கருவிகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதுவே மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்தார். பிறகு மைக்கேல் ஃபாரடேவும் அவரும் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொழில் தெரிந்தவர் முதலில் பார்த்தது எஃகைத்தான்.

குறைந்த விலைக்கு நல்ல கத்தி என்றால் இன்று பலரும் சொல்வது பிரான்ஸின் ஓப்பினல். 1890-இல் ஜோசப் ஓப்பினல் உருவாக்கியது: ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. விரித்த அலகு மடங்காமலிருக்க 1955-இல் ஒரு வளையம் சேர்ந்தது. அதன் கார்பன் எஃகு சட்டென்று கூர் ஏறும். ஆனால் மாங்காய்ப் புளிப்பு பட்டால் கறுக்கும். ஈரத்தோடு மடக்கினால் துரு. துடைக்கிற பழக்கம் இல்லாதவருக்கு, 1891 முதல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்துவரும் விக்டோரினாக்ஸ் தோதுப்படும். அதன் துருப்பிடிக்காத எஃகு மிதமான கடினம்தான். அதனால் கூர் சீக்கிரம் மழுங்கினாலும் சாதாரணக் கல்லிலேயே தீட்டிவிடலாம்.

கடையில் சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். அலகு ஆடக் கூடாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அலகின் அடிப்பக்கத்துக்கும் பிடியின் முதுகிலுள்ள வில்லுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரியக் கூடாது. மடக்கும்போது அலகு பிடியின் நடுவில் போய் உட்கார வேண்டும். அலகிலுள்ள நகப்பள்ளத்தில் நகம் வைத்தால், நகம் உடையாமல் திறக்க வேண்டும். பழைய செய்தித்தாளின் ஓரத்தில் வைத்து இழுத்தால் பிசிறில்லாமல் அறுக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: விரித்த அலகைப் பிடித்து நிறுத்தும் பூட்டு இல்லாத கத்தியால் குத்தித் துளைபோட முயன்றால் அது விரல் மேலேயே மடங்கிவிடலாம்.

இவை எதுவும் மான்கொம்புப் பிடியையோ வேலைப்பாட்டையோ சார்ந்தவை அல்ல. ஒரு விலைக்கு மேல் நாம் கொடுப்பது பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான். அந்த அலங்காரமே பிறகு, கீறல் விழுமே என்று கத்தியை அலமாரிக்குள் பூட்டவும் வைக்கிறது.

ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தால், அதில் முந்நூறைத் தீட்டும் கல்லுக்கு எடுத்து வையுங்கள். மீதி எழுநூறுக்குள் ஆணி இறுகிய, தீட்டினால் கூர் ஏறுகிற கத்தி கிடைக்கிறதா என்று பாருங்கள். கல் இல்லாத வீட்டில் எந்தக் கத்தியும் கொஞ்ச நாளில் மழுங்கல்தான்.