மருந்து: தானமா, பண்டமா?

ஒரு மருந்து எத்தனை பேருக்குத் தேவை என்பது ஒரு கணக்கு. அதை எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பது வேறு கணக்கு. வணிகர்கள் சந்தை என்று சொல்வது இரண்டாவதைத்தான். புதிதாக ஒருவர் அதே மருந்தைத் தயாரிக்க வந்தால் பழையவரின் வியாபாரம் பங்குபோகும் என்றுதான் முதலில் தோன்றும். நடப்பது பல சமயம் வேறு. விலை இறங்குகிறது, அதுவரை எந்தக் கணக்கிலும் இல்லாதவர்கள் வாங்க வருகிறார்கள், மொத்த விற்பனை பல மடங்காகிறது. நோயாளிகள் முன்பும் இருந்தவர்கள்தான். லாபத்துக்காக வந்த ஒருவரால் இது நடந்தால் அதை அறம் என்று ஏற்கலாமா என்பது மெய்யியலுக்குரிய கேள்வி.

பழைய மரபு மருந்தைத் தானமாகவே கண்டது. உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தையும் சேர்த்து நால்வகைத் தானம் என்கிறது சமணம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூரின் சுற்றுவட்டாரம் அந்தச் சமணம் வேரூன்றிய பகுதி. தெற்கே சித்தன்னவாசலில் துறவிகளின் கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. வழியில் இருக்கும் நார்த்தாமலையில் சமணர் குடகு என்ற குடைவரையும் உண்டு. சோழர் காலத்தில் அதே ஊர் வணிகக் குழுவினரின் நகரமாகவும் இருந்தது. தானமும் வாணிபமும் ஒரே மலையடியில் இருந்ததை யாரும் முரண்பாடாக நினைத்ததாகத் தெரியவில்லை.

தானத்துக்கு ஓர் அளவு உண்டு. காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திரன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஓர் ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, விவரிக்கிறது. படுக்கைகள் 15. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருபவர்கள், பணிப்பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியமும், கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயரும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் கொடையாக விடப்பட்ட வருவாய் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் மருத்துவம். 16ஆவது நோயாளிக்கு அங்கே இடமில்லை.

போட்டி இந்த எல்லையை எப்படித் தாண்டியது என்பதற்கு எச்.ஐ.வி. மருந்துகளைவிடத் தெளிவான சான்று இல்லை. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் அந்தத் தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். பத்தாண்டு கழித்துக் கூட்டுமருந்துச் சிகிச்சை வந்தபோது ஒருவருக்கு ஆண்டுச் செலவு 10,000 டாலரைத் தாண்டியது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்ற மூன்று மருந்துகளும் மூன்று தனித்தனி நிறுவனங்களின் கையில் இருந்தன. ஒரே மாத்திரையாக்க அவற்றில் எதுவும் முன்வரவில்லை. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமோ மருந்தின் தயாரிப்பு முறைக்கு மட்டும் உரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. அதனால் சிப்லா நிறுவனத்தால் மூன்றையும் ஒன்றாக்கிக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று போட்டுக்கொள்ளும் மாத்திரையைச் செய்ய முடிந்தது. 2001 பிப்ரவரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அது சொன்ன விலை ஆண்டுக்கு 350 டாலர். ரான்பாக்ஸி, ஹெட்டிரோ, அரபிந்தோ என்று மற்றவர்களும் வந்தார்கள். 2003இல் விலை 140 டாலருக்கும் கீழே போனது.

அந்த 350 டாலரும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எட்டாத தொகைதான். விலை இறங்கியதும் வாங்க வந்தவர் நோயாளி அல்லர், அரசு. 10,000 டாலர் விலையில் எந்த ஏழை நாட்டு நிதியமைச்சகமும் கோப்பையே திறக்காது. சில நூறு டாலர் என்றதும் அது வரவுசெலவுத் திட்டத்தில் எழுதக்கூடிய தொகையாகிவிட்டது. எய்ட்ஸ் உள்ளிட்ட நோய்களை எதிர்க்க நாடுகளுக்குப் பணம் தரும் உலகளாவிய நிதியம் 2002இல் தொடங்கியது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசச் சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. 2000இல் உலகெங்கும் ஏழு லட்சத்துக்கும் குறைவானவர்களே இந்தச் சிகிச்சையில் இருந்தார்கள். 2023இல் மூன்று கோடிக்கும் மேல்.

போட்டியாளர்கள் பலர் இருந்தாலே இது நடந்துவிடும் என்று நினைப்பது தவறு. இந்திய மருந்துக்கடையில் ஒரே பிரஷர் மாத்திரை பல பெயர்களில், பல விலைகளில் கிடைக்கிறது. எதை வாங்குவது என்று எழுதித் தருபவர் மருத்துவர், பணம் கொடுப்பவர் நோயாளி. தேர்ந்தெடுப்பவருக்குச் செலவில்லை, செலவழிப்பவருக்குத் தேர்வில்லை. இங்கே போட்டி விலையைவிட மருத்துவரின் மனத்தைப் பிடிப்பதில்தான் மும்முரமாக நடக்கிறது. சந்தை தவறான திசையிலும் பெருகும்: மருத்துவ நியாயம் இல்லாதவை என்று 2016 மார்ச்சில் மத்திய அரசு ஒரே நாளில் தடைசெய்த கூட்டுமருந்துகள் 344. தேவையற்ற மாத்திரையை ஒருவர் விழுங்குவதும் விற்பனைக் கணக்கில் வளர்ச்சிதான்.

1995 முதல் இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. மருந்தின் மூலப்பெயரைச் சொல்லி மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர் விடுகிறது. தரப் பரிசோதனையில் தேறிய பிறகே மருந்து மருத்துவமனைகளுக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ளலாம். கீரனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் அரசிடம் வாங்கும் சுகர் மாத்திரை அட்டையில் விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். வாங்குபவருக்கு அது தானம். கொடுத்த நிறுவனத்துக்கு அது டெண்டரில் வென்ற பண்டம். ஒரே அட்டை இரண்டாகவும் இருக்கிறது.

இனி நோக்கத்தின் கேள்வி. பௌத்தம் செயலின் எண்ணத்தையே வினை என்கிறது. அந்த அளவுகோலில் விலையைக் குறைத்த நிறுவனத்துக்குப் பெரிய புண்ணியம் சேராது. சமணமோ எண்ணாமல் செய்த தீங்குக்கும் பொறுப்பு உண்டு என்று வாதிட்டது. அப்படியானால் எண்ணாமல் செய்த நன்மையையும் முற்றிலும் தள்ளிவிட முடியாது என்று நீட்டிப் பார்க்கலாம். ஆய் வள்ளலைப் போற்றும் புறநானூற்றுப் பாடலொன்று மறுமைப் பயனுக்காகக் கொடுப்பவரை வணிகராகவே காண்கிறது. வள்ளல்களிலேயே வணிகர் உண்டு என்று ஒப்புக்கொண்ட மரபு வணிகரின் செயலால் விளைந்த நன்மையை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நன்மையின் பொறுப்பில் பெரும்பகுதி, யாருக்காக வாங்குவது, எதை வாங்குவது என்று தீர்மானிப்பவரிடமே இருக்கிறது.

போட்டியால் தீராத இடமும் உண்டு. அரிய நோய்களில் நோயாளிகள் மிகச் சிலர் என்பதால் இரண்டாவது உற்பத்தியாளர் வரவே தயங்குகிறார். விலை எவ்வளவு இறங்கினாலும் சந்தை பெருகாது. அங்கே மிஞ்சுவது பழைய முறைதான்: மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கை ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு கட்டி உதவுகிறது.